ஊட்டியைக் "கண்டுபிடித்த" கலெக்டர்

"ஊட்டியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட டக்கென்று சொல்லிவிடும்: ஜான் சல்லிவன். பொது அறிவுப் புத்தகங்களில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. கொஞ்சம் விவரமான பிள்ளையாக இருந்தால், "அங்கேதான் ஏற்கெனவே தோடர்கள் இருந்தார்களே, அப்புறம் எப்படி அவர் கண்டுபிடித்தார்?" என்று மடக்கும். மடக்கிவிட்டு எல்லோரும் சிரிப்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

இரண்டு பதிலுமே போதாது. சல்லிவன் மலைமேல் செய்த காரியத்துக்குச் சரியான பெயர் கண்டுபிடிப்பு இல்லை. கோடை வாசஸ்தலம் என்பதும் முழுக்கச் சரியில்லை, அந்தப் பெருமை ஊட்டிக்குப் பின்னால்தான் வந்தது. அவர் செய்தது ஒரு விவசாயக் குடியேற்றம். அடுத்தவருடைய மேய்ச்சல் நிலத்தில் ஏர் பூட்டியது. அது அடுத்தவர் நிலம் என்று தெரிந்தே, தெரிந்தது மட்டுமா, அப்படித்தான் என்று அரசாங்கத்திடம் வாதாடிக்கொண்டே செய்தது. சல்லிவன் கதையின் சுவாரஸ்யமும் சங்கடமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

முதலில் கொஞ்சம் காலவரிசை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நீலகிரியும் கூடவே வந்தது. ஆனால் மலையேறிப் போய்ப் பார்க்கக் கம்பெனிக்காரர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. வரி வந்தால் போதும். மலையின் வரிக்கணக்கு கீழே தணாயக்கன்கோட்டையைச் சேர்ந்ததாக இருந்தது. (பவானியும் மோயாறும் சேரும் இடத்தில் இருந்த அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அணை நன்றாக வற்றும் வருஷங்களில் அங்கிருந்த பழைய கோயில் தலை காட்டும், உடனே செய்தித்தாளில் படம் வரும்.) 1812-இல் கீஸ், மக்மஹன் என்ற இரண்டு சர்வே ஆட்கள் மேலே போய் வந்தார்கள். 1818-இல் கோயமுத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் போனார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர்கள் வந்து சொன்னதைக் கேட்டுத்தான் 1819 ஜனவரியில் கலெக்டர் சல்லிவன் சிறுமுகை வழியாகக் கோத்தகிரிப் பக்கம் ஏறினார். இவர்களுக்கெல்லாம் இருநூறு வருஷத்துக்கு முன்பே, 1603-இல், ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடரையும் படுகரையும் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே "கண்டுபிடித்தார்" என்ற சொல்லுக்கு வெள்ளைக்காரர்கள் கணக்கிலேயே இடமில்லை.

சரி, அங்கே என்னதான் இருந்தது? ஆளில்லாக் காடு இல்லை. எருமை மேய்க்கும் தோடர், தானியம் விளைவிக்கும் படுகர், இரும்பும் மண்பாண்டமும் செய்து சாவுக்கும் விழாவுக்கும் வாத்தியம் வாசிக்கும் கோத்தர், தேனும் காட்டுப்பொருளும் கொண்டுவரும் குறும்பர் என்று நாலு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழ்ந்தார்கள். நெய் ஒரு பக்கம் போகும், சாமை ஒரு பக்கம் போகும், கோத்தர் அடித்த அரிவாளும் மண்வெட்டியும் எல்லா வீட்டுக்கும் போகும். காசு பெரிதாகக் கைமாறவில்லை. ஏற்றத்தாழ்வே இல்லாத சொர்க்கம் என்று இதை எழுதினால் அது அபத்தம். சூனியம் வைத்தார்கள் என்ற பழியில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கின்றன. ஆனால் அது ஒரு முழு ஏற்பாடு. எந்த மந்து எந்தப் புல்வெளியில் எப்போது மேய்க்கும், யார் யாருக்கு எவ்வளவு தானியம் தர வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதி வைக்காததுதான் வினையாகப் போனது. சமவெளியில் வரி வசூலித்துப் பழகிய கண்ணுக்கு, ஏர் படாத நிலம் என்றால் தரிசு. வேலி இல்லாத நிலம் என்றால் புறம்போக்கு. வருஷத்தில் சில மாதம் எருமைகளை ஓட்டிக்கொண்டு குந்தா மலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிற மக்களின் புல்வெளி, அவர்கள் இல்லாத மாதங்களில் பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத இடமாகத்தானே தெரியும்!

சல்லிவன் அந்தப் புல்வெளியைப் பார்த்த பார்வை ஒரு குடியானவனின் பார்வை. குளிர்ந்த காற்றும் கறுத்த மண்ணும் வருஷம் முழுக்க ஓடைத் தண்ணீரும் அவருக்கு இங்கிலாந்தை நினைவூட்டின. முதலில் கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டியில் வீடு கட்டினார். சிறுமுகையிலிருந்து மேலே பாதை போடச் செய்தார். 1822-இல் உதகையில் கல் வீடு எழுப்பத் தொடங்கினார். (அந்தக் "கல் பங்களா" இருந்த இடத்தில்தான் இன்று அரசு கலைக் கல்லூரி.) வீட்டைச் சுற்றித் தோட்டம், தோட்டத்தைத் தாண்டிப் பண்ணை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி என்று சீமைப் பயிர்களை வரவழைத்துப் போட்டுப் பார்த்தார். இன்று படகு விடுகிற உதகை ஏரி இருக்கிறதே, 1823-25 வாக்கில் அவர் அதைக் கட்டியபோது மனதில் இருந்தது படகு இல்லை, பாசனம். உல்லாசப் பயணிகள் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் அந்த ஏரி, எண்ணத்தில் ஒரு கண்மாய்!

இதே பத்தாண்டில், உலகத்தின் இன்னொரு கோடியில், இன்னொரு கம்பெனியின் ராஜ்ஜியத்தில் நடந்த ஒரு குடியேற்றத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவில் ஹட்சன் விரிகுடா கம்பெனி என்று ஒன்று. 1670-இல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் கொடுத்த சாசனம் அதன் சொத்து. விரிகுடாவில் போய் விழும் எல்லா ஆறுகளும் பாயும் பூமி முழுவதும் அதனுடையதாம்! அந்தப் பூமியில் காலங்காலமாக இருந்த கிரீ, சோல்ட்டோ மக்களை யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியது பீவர் என்ற பிராணியின் ரோமத்தோல். ஐரோப்பாவில் தொப்பி செய்ய அதற்குப் பெரிய கிராக்கி. ஆகவே காடு காடாகவே இருப்பதுதான் கம்பெனிக்கு லாபம்.

அங்கே 1811-இல் செல்கர்க் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரர் சுமார் 1,16,000 சதுர மைல் நிலத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கினார். ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் ஆட்டுப் பண்ணைக்காக வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஏழைக் குடியானவர்களை அங்கே கொண்டுபோய் அமர்த்துவது அவர் திட்டம். 1812-இல் முதல் கூட்டம் செவ்வாறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றைய வின்னிபெக் நகரம் அங்கேதான் நிற்கிறது. வந்தவர்களிடம் விதை இருந்தது, கையிருப்புச் சாப்பாடு இல்லை. அதனால் 1814 ஜனவரியில் குடியேற்றத்தின் ஆளுநர் ஓர் உத்தரவு போட்டார்: இந்தப் பகுதியிலிருந்து பெமிக்கனை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது. பெமிக்கன் என்பது காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து இடித்துக் கொழுப்பு சேர்த்துக் கட்டுவது, நம்மூர் உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். ரோமத்தோல் ஏற்றி மாதக்கணக்கில் படகு தள்ளுகிறவர்களுக்கு அதுதான் கட்டுச்சோறு. அதைச் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் மேட்டி என்ற கலப்பின மக்கள். போட்டிக் கம்பெனியான வடமேற்குக் கம்பெனி அவர்கள் பக்கம் நின்றது. 1816 ஜூனில் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் மோதல் வெடித்தது. புதிதாக வந்திருந்த ஆளுநர் செம்பிளும் அவரோடு சுமார் 20 பேரும் செத்தார்கள். மறு வருஷம் செல்கர்க் நேரில் வந்து பெகுவிஸ் முதலான தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு மைல் அகலத்துக்கு நிலம், அதற்குப் பதிலாக ஒவ்வொரு இனத்துக்கும் வருஷத்துக்கு 100 பவுண்டு புகையிலை. அதாவது ஏறத்தாழ 45 கிலோ! அது விற்பனையே இல்லை என்று பெகுவிஸ் பிற்காலத்தில் முறையிட்டார்.

செவ்வாற்றில் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டது. அதனால் மறக்கப்படவில்லை. மோதல் நடந்த இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. பெகுவிஸுக்கும் வின்னிபெக் பூங்கா ஒன்றில் நினைவுச்சின்னம் இருக்கிறது. நிலம் யார் யாரிடமிருந்து, என்ன விலைக்கு, எந்தத் தேதியில் கைமாறியது என்று இன்றும் அங்கே சண்டை போட முடிகிறது. நீலகிரியில் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. தோடர்கள் ஆயுதம் எடுத்துச் சண்டை போடுகிறவர்கள் இல்லை, இந்தப் புதுக் கம்பெனிக்கு எதிராகவும் எடுக்கவில்லை. எல்லாம் அமைதியாக, கச்சேரி மேஜைமேல், மனுக்களிலும் குறிப்புகளிலும் நடந்து முடிந்தது. ஊட்டியின் கதை இத்தனை இனிப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த அமைதிதான்.

மேஜைமேல் நடந்தது இது. சல்லிவன் தோடர்களிடமிருந்து நிலத்தை விலை கொடுத்து வாங்கினார். ஏக்கர் ஒரு ரூபாய் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1829 வாக்கில் மற்ற ஐரோப்பியர் எல்லோரிடமும் சேர்த்து இருந்ததைவிட அதிக நிலம் அவர் ஒருவரிடம் இருந்தது. அதேசமயம், இந்த மலை தோடர்களுக்கே முழுச் சொந்தம், அவர்கள் சம்மதமும் விலையும் இல்லாமல் அரசாங்கம்கூட ஒரு பிடி மண் எடுக்க முடியாது என்று விடாமல் எழுதியவரும் அவர்தான். 1827-இல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டனுக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. அவருக்கு உதகை பட்டாளத்துக்காரர்கள் உடம்பு தேற்றும் இடமாக வேண்டும். 1828-இல் ஊரை ஒரு ராணுவ அதிகாரியின் பொறுப்பில் விட்டார். 1830-இல் சல்லிவன் கோயமுத்தூரை விட்டுப் போனார். மலையின் ஒரு பகுதியையே கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். 1843-இல்தான் அது திரும்பி வந்தது. 1868-இல் நீலகிரி தனி நிர்வாகமானது. கடைசியில் நிலைத்தது லஷிங்டன் பக்கத்து வாதம். தோடர்களுக்கு மேய்க்கும் உரிமை மட்டுமே உண்டு, நிலத்தின் உடைமை சர்க்காருக்கு. மந்துகளைச் சுற்றிக் கொஞ்சம் நிலத்தைத் தோடர் பட்டா என்று ஒதுக்கினார்கள். மீதிப் புல்வெளி கம்பெனிக்கும் பிறகு ராணிக்கும் போனது.

இங்கே சல்லிவனை எடைபோடுவது அவ்வளவு எளிதில்லை. தோடர்கள் நிலத்தின் சொந்தக்காரர்கள் என்றால்தான் அவர்களிடமிருந்து சல்லிவன் வாங்கிய கிரயம் செல்லும். அவர்களுக்கு வெறும் மேய்ச்சல் உரிமைதான் என்றால் சல்லிவனின் பத்திரங்களும் காற்றில் போகும். ஆகவே அவருடைய நியாயமும் அவருடைய சொத்தும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. இதைச் சொன்னால் சல்லிவன் அபிமானிகளுக்குக் கோபம் வரும். ஆனால் வெறும் சுயநலம் என்றும் தள்ளிவிட முடியாது. கோயமுத்தூரை விட்டுப் போய், சென்னை கவர்னரின் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்த பிறகும் அவர் தோடர் உரிமையை விடவில்லை. கம்பெனி ஆட்சி ஒரு பஞ்சு மாதிரி, கங்கைக் கரையில் உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழிகிறது என்ற புகழ்பெற்ற ஒப்புமையும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்தக் காலத்துக் கலெக்டர்களில் அப்படிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் வாங்கினாலும் விற்றவனுக்கு மேய்ச்சல் நிலம் போனது போனதுதான்.

கிரயம் என்றால் என்ன என்று தோடருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்னொரு கேள்வி. "இங்கே வீடு கட்டிக்கொள்ளட்டுமா?" என்று வந்தவர் கேட்டதற்கு அவர்கள் "சரி" என்றிருக்கலாம். படுகர் வந்து பயிரிட்டபோதும் அப்படித்தான் இடம் விட்டு, வருஷா வருஷம் தானியத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். இந்த வெள்ளைக்காரரும் வருஷா வருஷம் ஏதாவது தருவார் என்று நினைத்திருக்க மாட்டார்களா? செவ்வாற்றுப் பெகுவிஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே. நிலத்தைக் கொடுப்பது வேறு, நிலத்தில் இருக்க இடம் கொடுப்பது வேறு. இரண்டு கம்பெனிகளும் இரண்டாவதை வாங்கிக்கொண்டு முதலாவதுக்கு ரசீது எழுதிக்கொண்டன.

குடியேற்றம் என்ற அளவில் சல்லிவனின் கனவு என்ன ஆனது? ஐரோப்பியக் குடியானவர்களை மலையில் அமர்த்தலாம் என்ற பேச்சு பல காலம் ஓடியது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை. லஷிங்டன் காலத்தில் கேத்தியில் போட்ட அரசாங்கப் பரிசோதனைப் பண்ணை சில வருஷத்திலேயே கைவிடப்பட்டது. துரைமார்கள் வேட்டைக்கும் கிளப்புக்கும் வந்தார்கள், ஏர் பிடிக்க வரவில்லை. பயிர்களைப் பிடித்துக்கொண்டவர்கள் படுகர்கள். சாமையும் கொறளியும் விளைந்த மேட்டில் உருளைக்கிழங்கு போட்டார்கள், பிறகு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், இன்னும் பிறகு தேயிலை. மேட்டுப்பாளையத்தில் இத்தனை கிழங்கு மண்டிகள் இருப்பதும், கோயமுத்தூர்க் கல்யாணப் பந்தியில் "இங்கிலீஷ் காய்" இல்லாமல் குருமா இல்லை என்பதும் அந்த உழைப்பால்தான். செவ்வாற்றில் வெளியிலிருந்து வந்தவன் விவசாயி ஆனான். இங்கே உள்ளூர்க்காரன் வெளியூர்ப் பயிருக்கு விவசாயி ஆனான். ஊட்டியின் விவசாயத்துக்கு ஒரு தந்தை வேண்டும் என்றால் பெயர் தெரியாத ஏதோ ஒரு படுகர் அட்டியில் தேட வேண்டும்.

அதற்கும் விலை இருந்தது. ஒரே மண்ணில் திரும்பத் திரும்பக் கிழங்கு. 1961-இல் உதகை பக்கத்தில் உருளைக்கிழங்கு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது (இது நிஜமான கண்டுபிடிப்பு!). அதன் பிறகு நீலகிரி விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடை வந்தது. புல்வெளியின் கதை இன்னும் மோசம். விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரமும் சீகை மரமும், சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை நட்டு நட்டு, மேய்ச்சல் வெளியின் பெரும்பகுதியை மூடிவிட்டன. அந்த மரத்தைக் கூழாக்கிச் செயற்கைப் பட்டு நூல் எடுத்த விஸ்கோஸ் ஆலை எங்கே இருந்தது தெரியுமா? சிறுமுகையில். 1819-இல் சல்லிவன் மலையேறிய அதே சிறுமுகை. பவானி ஆற்றை நாறடித்துவிட்டு அந்த ஆலையும் மூடப்பட்டது. எருமைக்குப் புல் இல்லை, கூரை வேயப் புல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2000 பேர். அவர்கள் மந்து ஒன்று தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே இருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்கள் சால்வை வாங்கவும் போட்டோ எடுக்கவும் அங்கே ஏறுகிறார்கள்.

"சல்லிவன் வராவிட்டால் வேறொருவன் வந்திருப்பான், அவன் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டான்" என்று ஒரு வாதம் உண்டு. வலுவான வாதம்தான், லஷிங்டனே அதற்குச் சாட்சி. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் அந்தக் கல் வீட்டிலிருந்து தொடங்கியவை என்பதும் பொய்யில்லை. 2022-இல் "உதகை 200" என்று அரசு விழா எடுத்துச் சல்லிவனுக்குச் சிலை வைத்ததில் குறை சொல்லவும் எதுவும் இல்லை. ஆனால் 200 என்ற எண்ணில் ஒரு சின்ன மோசடி இருக்கிறது. உதகை என்ற பெயரே ஒத்தக்கல்மந்து என்ற தோடர் குடியிருப்பின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். மந்துக்கு வயது எவ்வளவு? கல் வீட்டுக்கு 200 வயது என்று கொண்டாடலாம். மந்துக்கும் சேர்த்து 200 என்று எழுதினால், அதற்கு முன் அந்தப் புல்வெளி தரிசாகக் கிடந்தது என்று லஷிங்டனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டதாகிவிடும். சல்லிவனே அப்படிக் கையெழுத்துப் போட மறுத்தவர். அவருக்கு மாலை போடுகிறவர்கள் அவர் எழுதியதையும் ஒருமுறை படித்துவிட்டுப் போடலாம்.

படிப்பதில் இன்னொரு உபயோகமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. உரிமை கேட்டு மனுப் போடும் பழங்குடிகள் அந்த நிலத்தோடு தங்களுக்குள்ள உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய அரசாங்கப் பதிவேடுகளும் கெசட்டியர்களும் ஆதாரமாக ஏற்கப்படும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. தோடர்கள் அன்று எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் சார்பில், இந்த மலை அவர்களுடையது என்று 1820-களிலேயே அரசாங்கக் காகிதத்தில் எழுதி வைத்தவர் ஒரு கோயமுத்தூர் கலெக்டர்.